நிதி நிறுவனத்திலிருந்து தரவு கசிந்தால் வாடிக்கையாளருக்கு உள்ள சட்ட வழிகள்

கேட்கப்பட்ட கேள்வி இது. கடன் கொடுத்த நிதி நிறுவனம் ஒன்று, தன் கணினி அமைப்புக்குள் வெளியார் புகுந்துவிட்டதாகவும், வாடிக்கையாளர்களின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை அவர்கள் கைக்குப் போயிருக்கலாம் என்றும் கடிதம் அனுப்பியிருக்கிறது. கணக்கிலிருந்து பணம் எதுவும் இதுவரை போகவில்லை. அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா? முடியுமென்றால் எங்கே, எந்த அடிப்படையில், எவ்வளவு கிடைக்கும்?

பெரும்பாலான நாடுகளில் முடியும். ஆனால் "என் தரவைப் பறிகொடுத்துவிட்டார்கள், ஆகவே எனக்குப் பணம் தர வேண்டும்" என்ற வாதத்தை அப்படியே ஏற்கும் நீதிமன்றம் அரிது. பாதுகாப்புக்காக நிறுவனம் செய்திருக்க வேண்டிய எதைச் செய்யத் தவறியது, அதனால் உங்களுக்கு என்ன கேடு விளைந்தது, அந்தக் கேடு இந்தக் கசிவினால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று மூன்றையும் நீதிமன்றம் தனித்தனியே கேட்கும். நிறுவனத்தின் தவற்றை நிரூபிப்பதுதான் மலையைப் புரட்டும் வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். என் கணிப்பில், வழக்குகள் அதிகம் தோற்பது பின்னிரண்டில்தான். அவ்விரண்டுக்கும் தேவையான ஆதாரம் நிறுவனத்திடம் இல்லை, உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். கசிந்த தகவலைப் பயன்படுத்தி யாரேனும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டால், அது தரவுக் கசிவு வழக்கு அல்ல. அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வேகமானது, வாடிக்கையாளர் பக்கம் சாய்ந்தது, காலக்கெடுவில் மட்டும் கண்டிப்பானது. அமெரிக்காவில் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டத்தின்படி, அட்டை தொலைந்ததையோ திருடு போனதையோ அறிந்த 2 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய இழப்பு 50 டாலருக்கு மேல் போகாது. அதற்குப் பின் சொன்னால் 500 டாலர் வரை போகலாம். கணக்கு அறிக்கை வந்து 60 நாட்கள் கடந்தும் வாய் திறக்கவில்லையென்றால், அதற்குப் பிந்திய இழப்புக்கு வரம்பே இல்லாமல் போகக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில், வாடிக்கையாளர் அனுமதிக்காத பரிமாற்றத்தின் தொகையை, மோசடி செய்தவர் வாடிக்கையாளரே என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இல்லாத பட்சத்தில், வங்கி அடுத்த வேலை நாளுக்குள் திருப்பிவிட வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் அமைப்பின் வேறோர் இடத்தில் நிகழ்ந்திருந்தால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பே இல்லை என்று வகுத்தது. புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாகவேனும் வரவு வைக்கவும் சொன்னது. ஆகவே பணம் போனால் அன்றே வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரைத் தேடுவது அதற்குப் பிறகு.

இனி உங்கள் கையிலுள்ள கடிதத்துக்கு வருவோம். அதை ஒரு சாட்சி ஆவணமாகப் படிக்க வேண்டும். அதில் பொதுவாக மூன்று தேதிகள் இருக்கும் அல்லது இருந்திருக்க வேண்டும்: ஊடுருவல் நடந்த காலம், நிறுவனம் அதைக் கண்டுபிடித்த நாள், உங்களுக்கு எழுதிய நாள். இவற்றுக்கு இடையிலான இடைவெளியே பல வழக்குகளில் முதல் குற்றச்சாட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பாதிப்பு பெரிதாக இருக்கக்கூடுமென்றால் தாமதமின்றி உரியவருக்கும் சொல்லச் சொல்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் அறிவிப்புச் சட்டம் வேறுபடுகிறது. "தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கான ஆதாரம் எங்களிடம் இல்லை" என்ற வரி அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் வரும். அதற்குப் பொருள் அவர்கள் இதுவரை அப்படி எதையும் காணவில்லை என்பது மட்டுமே. தகவல் பத்திரமாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. தபாலில் வந்திருந்தால் முத்திரை விழுந்த உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கசிவை எப்போது அறிந்தீர்கள் என்பதிலிருந்து காலவரம்பு எண்ணப்படும் இடங்களில் அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு.

கடிதத்தோடு, உங்கள் பெயரில் புதிதாகக் கடன் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லும் கடன் கண்காணிப்புச் சேவையை ஓராண்டோ ஈராண்டோ இலவசமாகக் கொடுப்பார்கள். ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் பதிவு செய்யும் பக்கத்தில் உள்ள நிபந்தனைகளைப் படிக்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது. 2017 செப்டம்பரில், மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் தன் கசிவை அறிவித்தபோது கொடுத்த இலவசச் சேவையின் நிபந்தனைகளில், வழக்காட மாட்டேன், தனி நடுவரிடமே முறையிடுவேன் என்று ஒப்புக்கொள்ளும் விதி ஒன்று இருந்தது. பாதிக்கப்பட்டவர்களும் மாநில அதிகாரிகளும் கொதித்தெழுந்த பிறகு, அந்த விதி இந்தக் கசிவுக்குப் பொருந்தாது என்று நிறுவனம் சொல்லி, பின்னர் அதை நீக்கியது. எல்லா நிறுவனங்களுக்கும் அவ்வளவு எதிர்ப்பு வந்துவிடாது.

நிறுவனத்தின் தவறு எது என்ற முதல் கேள்விக்கு அதே நிகழ்வு நல்ல பாடம். ஈக்விஃபேக்ஸ் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதும், அதை அடைக்கும் திருத்தமும் 2017 மார்ச்சிலேயே வெளியாகிவிட்டன. திருத்தம் போடப்படவில்லை. மே மாதம் நடுவில் புகுந்தவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தார்கள். வெளியே செல்லும் போக்குவரத்தைச் சோதிக்க வேண்டிய கருவியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்ததால், அந்தக் கருவி கண் இருந்தும் குருடாகவே இயங்கியது. ஜூலை 29 அன்று, சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. உலகுக்குச் சொன்னது செப்டம்பர் 7. ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் தகவல் போயிருந்தது. "எவ்வளவு கவனமாக இருந்தாலும் திருடன் வரத்தான் செய்வான்" என்ற வாதம் இத்தகைய தேதிகளின் முன்னால் நிற்காது.

இந்தத் தேதிகள் வெளியாருக்கு எப்படிக் கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. 2019இல் கேபிடல் ஒன் வங்கியில் அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் தகவலும் கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தகவலும் கசிந்த வழக்கில், என்ன நடந்தது என்று ஆராய்ந்த மேண்டியன்ட் நிறுவனத்தின் அறிக்கையைத் தர முடியாது, அது வழக்கறிஞருக்காகத் தயாரிக்கப்பட்ட இரகசிய ஆவணம் என்று வங்கி வாதாடியது. வழக்கே இல்லாவிட்டாலும் வணிகத் தேவைக்காக அத்தகைய அறிக்கை தயாரிக்கப்பட்டிருக்கும் என்று கண்ட நீதிமன்றம், அதை வாதிகளிடம் ஒப்படைக்க 2020இல் உத்தரவிட்டது. அன்றிலிருந்து நிறுவனங்கள் இத்தகைய அறிக்கைகளை எழுதச் சொல்லும் விதத்தையே மாற்றிக்கொண்டன என்பது வேறு கதை. ஐரோப்பாவில் சுமை மறுபக்கம் இருக்கிறது. பல்கேரிய வரித்துறையிலிருந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல் கசிந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 14 அன்று, கசிவு நடந்தது என்பதனாலேயே பாதுகாப்பு போதாது என்று முடிவு கட்டிவிட முடியாது என்றும், ஆனால் எடுத்த ஏற்பாடுகள் தகுந்தவை என்று நிரூபிக்கும் பொறுப்பு தரவை வைத்திருந்தவருடையது என்றும் தீர்ப்பளித்தது. சாதாரண வாடிக்கையாளருக்கு இந்த ஒரு வரி பெரிய துணை.

கேடு எது என்ற இரண்டாம் கேள்வியில்தான் நாடுகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் விலகி நிற்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நுழைவதற்கே உறுதியான பாதிப்பைக் காட்டியாக வேண்டும். டிரான்ஸ்யூனியன் என்ற கடன் அறிக்கை நிறுவனம், சாதாரண மக்கள் பலரைப் பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துவோர் முதலியோர் அடங்கிய அரசுப் பட்டியலில் உள்ளவர்களாக இருக்கலாம் என்று தவறாகக் குறித்திருந்த வழக்கு ஒன்று. இது கசிவு வழக்கு அல்ல, ஆனால் கசிவு வழக்குகள் அனைத்தும் இன்று இதன் நிழலில்தான் நடக்கின்றன. 8,185 பேர் வாதிகளாக இருந்தார்கள். அவர்களில் யாருடைய தவறான அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேருக்கு மட்டுமே முழுமையாக வழக்காடும் தகுதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் சொன்னது. எஞ்சியவர்களின் நிலையை, ஒருவர் மற்றொருவரைப் பற்றி அவதூறாகக் கடிதம் எழுதி, அனுப்பாமல் மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்திருப்பதோடு நீதிபதிகள் ஒப்பிட்டார்கள். நாளை கேடு வரலாம் என்பது மட்டும் இன்றைக்கு இழப்பீடு கேட்கப் போதாது. தகவல் திருடர் கையில் இருக்கிறது, அதே கசிவில் சிக்கிய வேறு சிலருக்கு மோசடி நடந்தும் விட்டது, அதனால் நான் நேரமும் பணமும் செலவிட வேண்டியதாயிற்று என்று காட்டும்போது சில கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கதவைத் திறக்கின்றன. கலிஃபோர்னியாவில் வழி சற்று எளிது: நியாயமான பாதுகாப்பு இல்லாததால் குறிப்பிட்ட வகைத் தகவல் திருடு போனால், இழப்பை எண்ணிக்கையில் நிரூபிக்காமலேயே நபருக்கு 100 முதல் 750 டாலர் வரை கேட்க அந்த மாநிலச் சட்டம் இடம் தந்தது; பணவீக்கத்துக்கேற்ப அத்தொகை உயர்த்தப்படுகிறது. நிதி நிறுவனங்களுக்கு அச்சட்டத்தின் பிற பகுதிகளில் விலக்கு உண்டெனினும் கசிவு வழக்குக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதைப் பல வாடிக்கையாளர்கள் அறிவதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான காற்று வீசுகிறது. 2023 மே 4 அன்று ஆஸ்திரிய அஞ்சல் நிறுவன வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விதியை மீறியது மட்டும் இழப்பீட்டுக்குப் போதாது, கேடு இருக்க வேண்டும், ஆனால் அந்தக் கேடு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல் எதுவும் வைக்கக் கூடாது என்று வகுத்தது. மேலே சொன்ன பல்கேரிய வழக்கில், தகவல் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சமே மனம் சார்ந்த கேடாகக் கருதப்படலாம் என்றது. அச்சம் வெறும் வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது, அந்த நபரின் சூழலில் அடிப்படை உள்ளதாக இருக்க வேண்டும்.

உங்கள் நிலைக்கு மிக நெருங்கி வருவது ஸ்கேலபிள் கேபிடல் என்ற ஜெர்மன் முதலீட்டு நிறுவனத்தின் கதை. முன்பு அந்நிறுவனத்துக்குச் சேவை வழங்கிய வேறொரு நிறுவனத்திடம் நுழைவு விவரங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒப்பந்தம் முடிந்து ஆண்டுகள் கடந்தும் அவை மாற்றப்படவில்லை. 2020இல் அந்தச் சாவியைக் கொண்டே உள்ளே புகுந்தார்கள். வீடு காலி செய்த வாடகைதாரரிடம் சாவியைத் திரும்ப வாங்காத கதைதான். மியூனிக் மாவட்ட நீதிமன்றம் 2021 டிசம்பரில், பணம் எதுவும் இழக்காத ஒரு வாடிக்கையாளருக்கு 2,500 யூரோ வழங்கியது. அதே கசிவிலிருந்து எழுந்த வேறு இரு வழக்குகளில், அடையாளத் திருட்டு என்று சொல்ல வேண்டுமானால் யாரேனும் உங்கள் பெயரில் உண்மையாகவே நடித்திருக்க வேண்டும், ஆனால் இழப்பீடு அடையாளத் திருட்டுக்கு மட்டுமே உரியது அல்ல என்று 2024 ஜூன் 20 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கேடு சிறிதென்றால் இழப்பீடும் சிறிதாக இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தச் சிறிது எவ்வளவு என்பதற்கு, 2024 நவம்பர் 18 அன்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் முகநூல் தரவு திரட்டப்பட்ட வழக்கில் கொடுத்த குறிப்பு ஓர் அளவாகும்: தன் தகவல் மீதான கட்டுப்பாட்டை இழந்ததே கேடுதான், அதற்கு மட்டும் 100 யூரோ அளவு பொருத்தமாக இருக்கலாம்.

இங்கிலாந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நடுவில் நிற்கிறது. 2021 நவம்பரில் கூகுளுக்கு எதிரான லாயிட் வழக்கில், லட்சக்கணக்கானோருக்கு ஒரே சீராக இவ்வளவு என்று இழப்பீடு கேட்க முடியாது, ஒவ்வொருவரும் தன் தன் கேட்டைக் காட்ட வேண்டும் என்று பழைய 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதன் பிறகு அங்கே பெருந்திரள் வழக்குகளின் வேகம் தணிந்துவிட்டது.

கூட்டு வழக்கு என்றதும் கோடிகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஈக்விஃபேக்ஸ் 2019 ஜூலையில் ஒப்புக்கொண்ட சமரசத் தொகை குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர், அதிகபட்சம் 70 கோடி. அதில் நுகர்வோருக்கான நிதி 42 கோடியே 50 லட்சம் வரை. செய்திகளில் எல்லாம் அடிபட்டது, கண்காணிப்புச் சேவை வேண்டாம் என்பவருக்கு 125 டாலர் ரொக்கம் என்ற வரிதான். ஆனால் அந்த ரொக்கத்துக்கென்று ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டது 3 கோடியே 10 லட்சம் டாலர் மட்டுமே. வகுத்துப் பாருங்கள்: 2 லட்சத்து 48 ஆயிரம் பேருக்குத்தான் முழுத் தொகை போதும். விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவிந்ததும், ரொக்கத்தை நம்ப வேண்டாம், சேவையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையமே அறிவிக்க நேர்ந்தது. கடைசியில் கைக்கு வந்தது, சொன்னதைவிட வெகுவாகக் குறைந்த தொகை.

அதே சமரசத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட வேறொரு பிரிவு இருந்தது. கசிவினால் உண்டான செலவுக்கு ஆவணம் காட்டினால் 20,000 டாலர் வரை கேட்கலாம். செலவிட்ட நேரத்துக்கு மணிக்கு 25 டாலர் வீதம் 20 மணி நேரம் வரை கேட்கலாம். முதல் 10 மணி நேரத்துக்கு என்ன செய்தோம் என்ற விவரத்தைச் சொன்னாலே போதும், அதற்கு மேல் போனால் ஆதாரம் வேண்டும். இந்த வடிவம் பின்வந்த பல சமரசங்களிலும் ஏதேனும் ஒரு வகையில் திரும்ப வருகிறது. அதனால்தான் கடிதம் வந்த நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்திருங்கள் என்று வலியுறுத்துகிறேன். "செவ்வாய், காலை 10.20 முதல் 11.05 வரை, வங்கி உதவி எண்ணுக்கு இரண்டு முறை அழைப்பு, அட்டை முடக்கம், புகார் எண் பெற்றது, புதிய அட்டைக் கட்டணம், ரசீது இணைப்பு" என்ற அளவில் எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் பத்துப் பக்க மனுவைவிட அன்றன்று எழுதிய இரண்டு வரிக்கு எடை அதிகம். உறக்கமின்மைக்காக மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். அச்சத்துக்கு அடிப்படை உண்டா என்று கேட்கும் நீதிமன்றத்துக்கு அது ஒரு விடை.

காரணத் தொடர்பு என்ற மூன்றாம் கேள்வியில் நிறுவனங்களின் வழக்கமான பதில், "உங்கள் தகவல் இதற்கு முன்பே வேறு நான்கு இடங்களில் கசிந்திருக்கிறது, திருடன் அதை எங்களிடமிருந்துதான் எடுத்தான் என்பதற்கு என்ன சான்று" என்பதுதான். இதை முறியடிக்கச் சின்னஞ்சிறு அடையாளங்கள் உதவும். அந்த நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு மோசடி அஞ்சல் வரத் தொடங்கியிருக்கலாம். நிறுவனத்தின் பதிவில் உங்கள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்து, உங்கள் பெயரில் எவனோ வாங்கிய கடனின் விண்ணப்பத்திலும் அதே பிழை இருக்கலாம். பழைய முகவரி, மாற்றிவிட்ட தொலைபேசி எண், கடன் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் என்று அந்த நிறுவனத்திடம் மட்டுமே இருந்த சேர்க்கை மோசடிக்காரனின் பேச்சில் வெளிப்படலாம். ஆகவே வரும் மோசடி அழைப்பையும் குறுஞ்செய்தியையும் எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். படம் பிடித்து, தேதியோடு சேமியுங்கள். நிறுவனம் உங்களைப் பற்றி என்னென்ன வைத்திருந்தது என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். ஐரோப்பிய ஒழுங்குமுறையின்படி நீங்கள் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் அதன் நகலைத் தர வேண்டும். பிரிட்டனிலும் அவ்வாறே. வழக்கறிஞரிடம் போகும் முன் இலவசமாகக் கிடைக்கும் சிறந்த ஆவணம் அதுதான்.

இவ்வளவும் கைவசம் இருந்தும், நீதிமன்ற வாசலை அடையாமலே நின்றுவிட நேரலாம். அமெரிக்க நிதி நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் நடுவரிடமே செல்ல வேண்டும், கூட்டாக வழக்காடக் கூடாது என்ற விதி சர்வசாதாரணம். 2011இல் ஏடி அண்ட் டி மொபிலிட்டி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளுக்குப் பெரும்பலம் சேர்த்துவிட்டது. கணக்கு தொடங்கிய பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் விலகிக்கொள்ளச் சில ஒப்பந்தங்கள் இடம் தரும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் தேடிப் பாருங்கள். இந்தியாவில் நிலைமை வாடிக்கையாளருக்குச் சாதகம்: ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருப்பதனாலேயே நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உறுதி செய்தது.

ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுப்பது பற்றி மிகையான நம்பிக்கையும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஆணையம் விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. கேபிடல் ஒன் கசிவுக்காக அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் விதித்த 8 கோடி டாலர் கருவூலத்துக்குப் போனது. வாடிக்கையாளருக்குக் கிடைத்தது தனியாக நடந்த கூட்டு வழக்கின் 19 கோடி டாலர் சமரசத்திலிருந்துதான். ஆனால் ஆணையத்தின் விசாரணை முடிவு, நிறுவனத்தின் தவற்றை உங்கள் செலவில்லாமல் நிறுவித் தருகிறது. இழப்பீடு கேட்கும் மனுவில் அந்த உத்தரவை இணைக்கும்போது முதல் கேள்வியின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இந்திய வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்ற பிரிவு, நியாயமான பாதுகாப்பு நடைமுறைகளில் அலட்சியம் காட்டிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அச்சட்டத்தின் கீழ் உள்ள தீர்ப்பு அதிகாரி விசாரிப்பார். 2023 ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழி செய்கிறது, ஆனால் அந்தத் தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்ற ஏற்பாடு அதில் இல்லை. போதாக்குறைக்கு, 43ஏ பிரிவை நீக்கும் விதியும் அதே சட்டத்துக்குள் இருக்கிறது. அச்சட்டத்தின் பகுதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருவதால், உங்கள் கசிவு நடந்த தேதியில் எந்தப் பிரிவு உயிரோடு இருந்தது என்பதை வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். வாடிக்கையாளரின் கையிலிருந்த ஒரே நேரடிக் கருவியை எடுத்துவிட்டு அரசுக் கருவூலத்தை நிரப்புவது நல்ல சட்ட வடிவமைப்பு என்று நான் கருதவில்லை. எஞ்சியிருக்கும் வலுவான வழி 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்: தரவைப் பாதுகாக்கத் தவறியதைச் சேவைக் குறைபாடாக வைத்து, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் ஆணையத்தை அணுகலாம். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனமென்றால், அந்நிறுவனத்திடம் முறையிட்டு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கி, அது உங்கள் கடன் அறிக்கையில் ஏறிவிட்டால், இழப்பீட்டைவிட அந்தப் பதிவை அழிப்பது அவசரம். அமெரிக்காவில் அடையாளத் திருட்டுப் புகாரின் நகலுடன் விண்ணப்பித்தால் 4 வேலை நாட்களுக்குள் அந்தப் பதிவை மறைக்க வேண்டும். கடன் அறிக்கையை முழுவதுமாக முடக்கி வைப்பதும் 2018 செப்டம்பரிலிருந்து அங்கே இலவசம். இந்தியாவில் திருத்தக் கோரிக்கை 30 நாட்களுக்குள் முடிக்கப்படாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதி செய்தது. திருத்தக் கோரியும் தவறான பதிவு நீடித்தால், அதுவே தனி வழக்குக்குக் காரணமாகும். வங்கி அந்தப் பதிவைப் பார்த்து உங்கள் வீட்டுக் கடனை மறுத்திருந்தால் அந்த மறுப்புக் கடிதம் கையில் பிடித்துக் காட்டக்கூடிய கேடு.

கூட்டு வழக்கில் சேரச் சொல்லி யாரேனும் கையெழுத்துக் கேட்டால் சற்று நில்லுங்கள். அமெரிக்காவில் இழப்பீடு கோரும் கூட்டு வழக்குகளில், விலகிக்கொள்ளாதவர்கள் பொதுவாகத் தாமாகவே வாதிகளின் குழுவில் அடங்கிவிடுவார்கள்; கையெழுத்து தேவையே இல்லை. சமரசம் ஏற்பட்டதும் வரும் அறிவிப்பில் விலகுவதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். தனிப்பட்ட இழப்பு பெரிதாக உள்ளவர் அந்தத் தேதியைத் தவறவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து சில டாலர்களுக்குத் தன் முழு உரிமையையும் விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார். இழப்பு எதுவும் இல்லாதவர் விலகுவதில் பொருளில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதற்கு மாறாக நீங்களே பெயர் கொடுத்துச் சேர வேண்டும்; அப்போது வழக்குச் செலவை யார் ஏற்பது, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில் விழும், வென்றால் எத்தனை விழுக்காடு பிடிப்பார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும். கசிவுக்குப் பின், "உங்கள் இழப்பீடு தயார், வங்கி விவரம் தாருங்கள்" என்று வரும் அஞ்சல்களில் பெரும்பகுதி அதே தகவலைக் கொண்டு நடக்கும் இரண்டாம் மோசடி. உண்மையான சமரசத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இன்றைய நிலையில் தனி வழக்குத் தொடுக்க மாட்டேன். பணம் போகவில்லை, பெயரில் கடன் ஏறவில்லை. பெரும்பாலான நாடுகளில் வழக்குச் செலவு கிடைக்கக்கூடியதை விழுங்கிவிடும். ஆனால் காலவரம்பை நாட்காட்டியில் குறித்து வைப்பேன்: இங்கிலாந்தில் பொதுவாக 6 ஆண்டு, ஜெர்மனியில் அறிந்த ஆண்டின் இறுதியிலிருந்து 3 ஆண்டு, இந்திய நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டு. இந்த வாரமே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுவேன். என் தகவலில் எவையெவை கசிந்தன, ஊடுருவல் என்று தொடங்கியது, என்று கண்டுபிடித்தீர்கள், அந்தத் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததா, எந்த ஆணையத்துக்கு என்று தெரிவித்தீர்கள், கடன் முடிந்துவிட்ட வாடிக்கையாளரின் ஆவணங்களை இன்னும் எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒருசேர அனுப்பி, ஒப்புகைச் சீட்டைக் கசிவு அறிவிப்புக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வைப்பேன்.